2008 சான்ட்ரோவுக்கு டயர்: பட்டன் இருந்தும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: 7 செப்டம்பர் 2025, குடியாத்தத்திலிருந்து

அண்ணா, எங்களிடம் 2008 சான்ட்ரோ இருக்கிறது. பள்ளிக்கூட வேலையாக வாரத்தில் மூன்று நாள் காட்பாடி வரை போய் வருவேன். மற்ற நாள் வண்டி வாசலில்தான் நிற்கும். நாலு டயரும் 2017-ல் போட்டது. ரோட்டில் பட்டுத் தேயும் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் பஞ்சர் ஒட்டப் போனேன். "நாலையும் மாத்திடும்மா, ரப்பர் செத்துப்போச்சு" என்கிறார் கடைக்காரர். புது டயர் விற்கப் பார்க்கிறாரா? கையில் பதினைந்தாயிரத்துக்கு மேல் இல்லை. இரண்டு மட்டும் மாற்றலாமா, இல்லை செகண்ட் ஹேண்டில் நல்லதாகப் பார்க்கலாமா?

பதில்: 7 செப்டம்பர், இரவு

அவர் ஏமாற்றவில்லை டீச்சர். பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றி உள்பக்கமும் பார்க்கிறவர். நாம் வெளியில் தெரியும் பட்டனை மட்டும் பார்க்கிறோம்.

நாளை காலை ஒரு வேலை செய்யுங்கள். டயர் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நாலு எண் மட்டும் போதும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதோடு பட்டனுக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். முடி போல மெல்லிய வெடிப்பு தெரிகிறதா? இரண்டையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். விலை, கம்பெனி எல்லாம் அதற்கு அப்புறம்.

8 செப்டம்பர்

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 2009 ஸ்விஃப்ட். கம்பெனி டயர் 48,000 கி.மீ. ஓடியது. 2014 நவம்பரில் நாலும் மாற்றினேன். ஒரு கடையில் நல்ல தள்ளுபடி கொடுத்தார்கள், சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு வந்தேன். 2019 மே மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு அம்மாவோடு வேலூர் திரும்புகிறேன். பள்ளிகொண்டா டோல் தாண்டி வண்டி 85-ல் போகிறது. பின்பக்க இடது டயர் வெடித்தது. வெடிகுண்டு போட்டது போல ஒரு சத்தம், அப்புறம் வண்டியின் பின்பாகம் முழுக்க இடதும் வலதுமாக ஆடியது. பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று எப்போதோ யாரோ சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். ஓரமாக நிற்க அரைக் கிலோமீட்டர் ஆனது. பின்னால் லாரி எதுவும் நெருக்கமாக வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அம்மா பின் சீட்டில் கம்பியைப் பிடித்தபடி பேச்சே இல்லாமல் இருந்தார்.

அந்த டயரில் பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. மறுநாள்தான் பக்கவாட்டு எண்ணை முதல் தடவையாகப் படித்தேன். 1411. ஏப்ரல் 2011-ல் செய்தது. 2014-ல் எனக்குத் தள்ளுபடியில் கிடைத்தது மூன்றரை வருடம் குடோனில் கிடந்த சரக்கு. ஐந்து வருட டயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எட்டு வருட டயர்.

8 செப்டம்பர், பிறகு

ஒன்று விட்டுப்போனது. வாரமும் ஆண்டும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளியில் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள், முன் டயரில் சுலபமாகத் தெரியும்.

10 செப்டம்பர்

டீச்சர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 3516. ஆகஸ்ட் கடைசி, 2016. ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. சுவரில் வெடிப்பு நன்றாகவே தெரிகிறது. ஒரு டயரில் பட்டன் பள்ளத்துக்கு உள்ளேயும் வெடிப்பு. பஞ்சர் கடைக்காரருக்கு நன்றி சொல்லுங்கள்.

"வண்டி அதிகம் ஓடவில்லையே, அப்புறம் எப்படிக் கெடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடாததும் ஒரு காரணம்தான். டயர் ரப்பரில் மெழுகு போன்ற பொருள்கள் கலந்திருக்கும். டயர் உருண்டு நசுங்கி விரியும்போது அவை மேல்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றில் உள்ள ஓசோன் ரப்பரைத் தின்னாமல் தடுக்கும். வாசலில் வாரத்துக்கு நாலு நாள் ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தப் பூச்சு சரியாகக் கிடைப்பதில்லை. அதோடு நம் ஊர் வெயில். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வருடா வருடம் நடப்பது, தார் ரோடு அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். வெயில் படும் பக்கத்து டயர்களில் முதலில் வெடிப்பு விடுவதை என் தெருவிலேயே காட்ட முடியும்.

ஐந்து வருடம் ஆனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு.

12 செப்டம்பர்

அவசரப்பட்டு இந்த வாரம் வாங்க வேண்டாம். பத்து நாள் பொறுங்கள். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 22-ஆம் தேதியிலிருந்து 18 ஆகிறது. வரியோடு 4,000 ரூபாய் என்று இன்று சொல்லும் டயரின் அடக்கம் 3,125. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 3,687. ஒரு டயருக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல், நாலுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் மிச்சம். அலைன்மெண்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கர எடையைச் சமன் செய்வது), வால்வு எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

அதுவரை காட்பாடிக்குப் பஸ்ஸில் போய்வாருங்கள். வண்டி எடுத்தே ஆக வேண்டுமென்றால் அறுபதுக்கு மேல் வேண்டாம், மதிய வெயிலில் வேண்டவே வேண்டாம்.

13 செப்டம்பர்

இரண்டா நாலா என்ற கேள்விக்கு: உங்கள் விஷயத்தில் நாலும். ஒன்பது வயது டயரை வைத்துக்கொண்டு பாதி மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டு மட்டும் மாற்ற வேண்டியவர்கள் புது டயரை முன்னால் போடுங்கள். நம் வண்டிகளில் இழுப்பது முன் சக்கரம், திரும்புவது முன் சக்கரம், பிரேக் பாரம் விழுவதும் முன் சக்கரத்தில்தான்.

14 செப்டம்பர்

குடியாத்தத்தில் ஒரு கடையில் "155/70 இப்ப வர்றதில்லை, 155/80 போட்டுக்குங்க, அதே அகலம்தான்" என்று சொன்னார்களாம். வேண்டாம். உங்கள் 2008 சான்ட்ரோவுக்கு, அதாவது சான்ட்ரோ ஜிங்குக்கு, 155/70 ஆர் 13. நடுவில் உள்ள 70 என்பது உயரம். 155 மில்லிமீட்டர் அகலத்தில் 70 சதவீதம் சுவர் உயரம் என்று அர்த்தம். 80 போட்டால் டயர் உயர்ந்துவிடும், ஒரு மூன்று சதவீதம் வித்தியாசம் வரும்.

15 செப்டம்பர்

நேற்று மனக்கணக்கில் சொன்னது தவறு. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 13 அங்குல ரிம் 330 மில்லிமீட்டர். 70-க்குச் சுவர் மேலும் கீழும் சேர்த்து 217, மொத்தம் 547. 80-க்கு 248, மொத்தம் 578. ஏறக்குறைய ஆறு சதவீதம். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 84, 85-ல் போய்க்கொண்டிருக்கும். முழுக்க ஒடித்தால் மட்கார்டு உள்ளே உரசலாம். அந்தச் சின்ன இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் கனமாகும். மேட்டில் உங்களுக்கே தெரியும்.

கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 155/80 ஆர் 13 இன்றைய வேகன் ஆர் அடிப்படை மாடலுக்கு வரும் அளவு, அதனால் எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய சான்ட்ரோ அளவு மெதுவாகத்தான் விற்கும். மெதுவாக விற்கும் அளவில்தான் குடோனில் கிடந்த சரக்கு நம் தலையில் விழும். அதனால் உங்களுக்கு வாரம், ஆண்டு பார்ப்பது மற்றவர்களைவிட முக்கியம்.

உண்மையிலேயே 155/70 கிடைக்கவில்லை என்றால் இண்டிகாவுக்கு வரும் 165/65 ஆர் 13-ஐ யோசிக்கலாம். மொத்த உயரம் 545. அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. பாரம் தாங்கும் எண்ணும் 77, அதாவது ஒரு டயருக்கு 412 கிலோ. உங்கள் அளவில் 75, 387 கிலோ. கூடலாம், குறையக் கூடாது. ரிம் அகலத்துக்கு அது உட்காருமா என்று மட்டும் கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

17 செப்டம்பர்

செகண்ட் ஹேண்ட் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

கறுப்புப் பாலிஷ் போட்டு வெளியில் அடுக்கியிருக்கும் டயரை நான் தொடமாட்டேன். மொட்டையாகிப்போன டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி "அறுபது பர்சன்ட் பட்டன்" என்று விற்பது நடக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பள்ளம் ஆழமாக இருந்து அந்த மேடு வெட்டுப்பட்டிருந்தால், அல்லது காணவே காணோம் என்றால், அது கத்தி வேலை. உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டோ, டயருக்குள் இருக்கும் நூல் பிரிந்த இடமோ இருந்தால் வேண்டாம். சுவர் ஓரமாக வட்டமாகத் தேய்ந்து கறுப்புத் தூள் உதிர்ந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயர். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நல்ல செகண்ட் ஹேண்ட் ஒரே ஒரு வகை உண்டு. புது வண்டி எடுத்தவுடன் அலாய் வீலும் அகல டயரும் மாற்றிக்கொள்கிறவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது. நூறு இருநூறு கி.மீ.கூட ஓடியிருக்காது. என் தங்கை வீட்டுக்காரர் அவருடைய வேகன் ஆருக்கு அப்படி நாலு வாங்கினார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சான்ட்ரோ அளவில் இன்று புது வண்டி வருவதில்லை. டீச்சருக்கு அந்த வழி இல்லை.

பழைய டயரில் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேட் போட்டுக்கொள்ளலாமா என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சரி. அந்த டயரின் உடம்பே அதற்குத் தகுந்தபடி கட்டப்பட்டது. சின்னக் கார் டயருக்குக் கூலி கொடுத்துப் புதுத் தோல் ஒட்டினாலும் சுவர் பழையதுதானே.

20 செப்டம்பர்

ஐந்து வருடம் என்று நான் சொன்னதற்கு வாணியம்பாடிக்காரர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "டயர் கம்பெனிக்காரன்கூட அப்படிச் சொல்வதில்லை, ஏழைகளைப் பயமுறுத்தாதீர்கள்" என்கிறார். அவர் சொல்வது சரி. பயந்தவன் வேகத்தில் எழுதிவிட்டேன். பெரிய டயர் கம்பெனிகள் பல சொல்வது இது: ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டு, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதே. சில கார் கம்பெனிகள் ஆறு வருடம் என்கின்றன.

அதனால் என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். ஐந்தில் கழற்றி உள்ளும் வெளியும் பார்ப்பது. வெயிலில் நிற்கும் வண்டி, ஹைவேயில் போகும் வண்டி என்றால் ஆறு ஏழில் மாற்றுவது. உள்ளூரிலேயே நாற்பதில் ஓடும் வண்டி, நிழலில் நிற்கிறது, வெடிப்பு இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும். டீச்சரின் டயருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.

21 செப்டம்பர்

அரசுப் பஸ்ஸில் முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், புது டயரைப் பின்னால்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, பஸ்ஸில் இழுப்பது பின் சக்கரம். காரில் முன் சக்கரம். நான் சொன்னதையே சொல்கிறேன்.

24 செப்டம்பர்

வரி குறைந்த பிறகு நேற்று வேலூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். காட்பாடி ரோட்டில் ஒன்று, சத்துவாச்சாரியில் ஒன்று, கொணவட்டத்தில் ஒன்று. 155/70 ஆர் 13 ட்யூப்லெஸ், தெரிந்த இந்தியக் கம்பெனிகளில் 3,150-லிருந்து 3,600 வரை சொன்னார்கள். என் ஸ்விஃப்டின் 165/80 ஆர் 14 நாலாயிரத்தை ஒட்டி. ஒரு கடையில் பழைய வரியிலேயே விலை சொன்னார்கள். பில் போடும்போது எத்தனை சதவீதம் என்று கேட்டதும் குறைத்தார்கள். கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

எந்தக் கம்பெனி நல்லது என்று தினமும் ஒருவர் கேட்கிறார். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், இவற்றில் உங்கள் அளவில் எது இந்த வருடத்தில் செய்ததாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். நாற்பது ஐம்பதில் காட்பாடி போகிற வண்டிக்கு இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம், புது டயருக்கும் மூன்று வருடம் குடோனில் கிடந்த டயருக்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சின்னது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயர் மட்டும் வேண்டாம்.

அரக்கோணம் பக்கத்தில் இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., ஒரகடத்தில் அப்போலோ. டயர் செய்கிற ஊர்களுக்கு நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம். இரண்டு வருடப் பழைய சரக்கை வாங்கிக்கொள்ள நமக்கு ஒரு காரணமும் இல்லை. "இது இல்லை, வரவழைத்துக் கொடுங்கள், நாலு நாள் கழித்து வருகிறேன்" என்று சொன்னால் வரவழைக்கிறார்கள்.

28 செப்டம்பர்

பள்ளிகொண்டா கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மூன்று நாளாக மனதில் உறுத்துகிறது.

அன்று காலை கிளம்பும் முன் பெட்ரோல் பங்கில் காற்றைக் குறைத்தேன். "வெயில் காலத்தில் காற்று விரியும், நாலு பாயிண்ட் குறைச்சு வை" என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு பழக்கம். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்று அளவு ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட நாலு பாயிண்ட் (பிஎஸ்ஐ) குறைவாக வைத்துக்கொண்டு, பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரமுமாக ஹைவேயில் ஓட்டினேன்.

அது தலைகீழான பழக்கம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் சுவரை அதிகமாக மடக்கி விரிக்கிறது, சூடு அந்த மடங்கலில்தான் பிறக்கிறது. வெயிலால் காற்று விரிவது உண்மைதான், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பாயிண்ட் கணக்கில் ஏறும். அந்த ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவு டயர் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டிய அளவு. ஓடினால் ஏறும் என்பதையும் சேர்த்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறது என்று பிடுங்கிவிடவும் கூடாது.

ஆக அந்த டயரைக் கொன்றது வயது மட்டும் இல்லை. பாதிப் பழி என் கைக்கும் உண்டு. டயரையும் கடையையுமே குற்றம் சொல்லிக்கொண்டு ஆறு வருடம் இருந்துவிட்டேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். நானூறு ஐநூறு ரூபாய்க்குக் காற்று அளக்கும் கருவி கிடைக்கிறது. பங்குக்குப் பங்கு இரண்டு மூன்று பாயிண்ட் மாறிக் காட்டுகிறது. வீட்டில் ஒன்று இருந்தால் மாதம் இரண்டு தடவை காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்துவிடலாம். நைட்ரஜன் போடலாமா என்று கேட்டவருக்கு: நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள்.

5 அக்டோபர்

டீச்சர் வாங்கிவிட்டார். 155/70 ஆர் 13, நாலும் இந்த ஆண்டின் 28-ஆவது வாரம். டயர் ஒன்று 3,250. வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட் சேர்த்துப் பதினாலாயிரத்துக்குள். அவர் சொன்ன பட்ஜெட்டிலேயே முடிந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

கடையில் செய்த ஒரு வேலையை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும். பழைய இரும்பு ரிம்மில் டயர் உட்காரும் ஓரத்தில் துரு ஏறியிருந்ததாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்த பிறகே டயர் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் துரு இருந்தால் ட்யூப்லெஸ் டயரில் பஞ்சரே இல்லாமல் வாரத்துக்கு நாலைந்து பாயிண்ட் இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் வால்வை அப்படியே விட்டாலும் அதே கதை.

முதல் இருநூறு கி.மீ. கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள் டீச்சர். புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும்.

6 அக்டோபர்

அலைன்மெண்ட் செய்துவிட்டால் போதுமா என்று கேட்கிறார்கள். பழைய வண்டிக்குப் போதாது. 2019-ல் நான் நாலும் புதிது போட்டு அலைன்மெண்டும் செய்தேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருந்ததைக் கவனிக்கவில்லை. மெக்கானிக் சொன்னார், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மூன்று வருடத்தில் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியில் இருந்து பார்த்தால் புதிது போல இருந்தன. 2022-ல் முன் இரண்டும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. புஷ் மாற்ற ஆகியிருக்கும் செலவைப் போல இரண்டு மூன்று மடங்கு டயரில் போனது. முதலில் புஷ், பால் ஜாயிண்ட், அப்புறம் டயர், கடைசியில் அலைன்மெண்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டியில் வருகிறவர்கள் கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று இவ்வளவுதான்.

26 அக்டோபர்

ஒரு வாரமாக மழை. புது டயர் பின்னால்தான் என்ற பஸ் டிரைவர் பெரியவரின் வார்த்தை திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

2023 டிசம்பரில் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். பதினாலு கொண்டை ஊசி. இறங்கும்போது நல்ல தூறல். பாதி இறங்கியிருப்போம். ஒரு வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன், முப்பதுகூட இருக்காது. முன்பாகம் சொன்னபடி திரும்பியது. பின்பாகம் மட்டும் வெளிப்பக்கமாக ஒரு முழம் நழுவிப்போய் நின்றது. மண் இருந்திருக்கும், இலை கிடந்திருக்கும் என்று அன்று சொல்லிக்கொண்டேன்.

அன்று என் வண்டியில் முன்னால் 2022 டயர், நல்ல பட்டன். பின்னால் 2019 டயர், மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஈர ரோட்டில் தண்ணீரை வெட்டித் தள்ளும் ஆழம் முன்னால் இருந்தது, பின்னால் இல்லை. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பிடிப்பு திரும்பிவிடும், அதைச் சாதாரணமாக ஓட்டுகிறவரும் சமாளிப்பார். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். அதைப் பிடிக்க எனக்குத் தெரியாது, உங்களில் பலருக்கும் தெரியாது. இழுப்பது எந்தச் சக்கரம் என்பது இங்கே கேள்வியே இல்லை.

ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. 13-ஆம் தேதி நான் எழுதியதைப் பார்த்து யாராவது புது டயரை முன்னால் போட்டிருந்தால், இந்த மழைக்கு முன்பே பின்னால் மாற்றிக்கொள்ளுங்கள். நாலையும் கழற்றி மாட்ட இருநூறு ரூபாய்தான் ஆகும்.

2 நவம்பர்

என் வண்டிக்கும் வேலை முடிந்தது. பின்னால் இருந்த 2019 டயர்கள் இரண்டுக்கும் ஆறு வருடம் தாண்டிவிட்டது, வெடிப்பும் தொடங்கியிருந்தது. இரண்டு மட்டும் வாங்கினேன். 165/80 ஆர் 14, இந்த ஆண்டு 36-ஆவது வாரம். பின்னால் மாட்டச் சொன்னதும் கடைப் பையன் "எல்லாரும் முன்னாடிதான் சார் போடுவாங்க" என்றான். ஏலகிரிக் கதையை நின்று சொன்னேன். அலைன்மெண்ட் மெஷினில் இருந்தவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அகலமாக 185/70 போடலாமே என்று கடையில் ஒரு யோசனை வந்தது. ஸ்விஃப்டின் மேல் மாடலுக்கு வந்த அளவுதான், உயரமும் ஐந்து மில்லிமீட்டர்தான் குறையும். ஆனால் முன்னால் 165, பின்னால் 185 என்று கலக்க முடியாது, ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும். டயருக்கு அறுநூறு ரூபாய் கூடுதல் வேறு. வேண்டாம் என்றேன்.

9 நவம்பர்

சத்துவாச்சாரி தெரு ஒன்றில் தோண்டி மூடிய பள்ளத்தில் இறங்கி டயர் சுவரில் முட்டை அளவு வீக்கம் வந்துவிட்டது, புது டயர்தான், ஓட்டலாமா என்று ஒருவர். ஓட்டாதீர்கள். உள்ளே நூல் அறுந்துவிட்டது, காற்றை ரப்பர் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கடையிலும் அதற்கு ஒட்டு கிடையாது. ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு போய் ஒரு டயர் வாங்குங்கள்.

16 நவம்பர்

ஸ்டெப்னி என்று எழுதிவிட்டு அன்று இரவே என் டிக்கியைத் திறந்தேன். கம்பெனியிலிருந்து வந்த அதே டயர். 0909. பதினாறு வருடம். 2019-ல் பள்ளிகொண்டாவிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். அன்றே அதற்குப் பத்து வயது ஆகியிருந்தது. வெடித்த டயரின் எண்ணை மறுநாள் அவ்வளவு கவனமாகப் படித்தவன், அதன் இடத்தில் மாட்டி ஓட்டிவந்த டயரின் எண்ணைப் படிக்கவில்லை.

கழற்றிய 2019 டயர் இரண்டையும் கடையிலேயே விட்டிருந்தேன். மறுநாள் போய் நல்லதாக இருந்த ஒன்றைத் திரும்ப வாங்கி ஸ்டெப்னி ரிம்மில் மாட்டினேன். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் "50-க்கு மேல் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். பையன் ஓட்டும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அவன் படிக்க வேண்டும்.

டீச்சர், உங்கள் சான்ட்ரோவில் நாலுதானே மாற்றினீர்கள். ஐந்தாவதன் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.